ஓப்பன் பிளான் வீட்டை வாடகைக்கு எடுக்கிறீர்களா? இங்கிலாந்துக்குப் புதிதாக வருபவர்களுக்குத் தீப் பாதுகாப்பு வழிகாட்டி

இங்கிலாந்தில் வாடகை வீடு தேட ஆரம்பித்தால் 'ஓப்பன் பிளான்' என்ற சொல் விளம்பரத்துக்கு விளம்பரம் கண்ணில் படும். சமையலறை, சாப்பிடும் இடம், ஹால் மூன்றுக்கும் நடுவே சுவர் இல்லை என்று அர்த்தம். படத்தில் விசாலமாக, வெளிச்சமாகத் தெரியும். சமையலறைக்குத் தனிக் கதவு வைத்த வீட்டிலேயே வளர்ந்த நமக்குப் பார்த்ததும் பிடித்தும் போகும்.

அந்தச் சுவரும் கதவும் சும்மா நிற்கவில்லை. அடுப்பில் தீப்பிடித்தால் புகை தூங்குகிறவர்கள் பக்கம் வராமல் கொஞ்ச நேரமாவது தடுத்து வைத்தன. அவற்றை எடுத்துவிட்ட வீட்டில் அந்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். அலாரமா, சூடுபட்டால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரா, இறங்கித் தப்பக்கூடிய ஜன்னலா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதற்கு உங்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

கிழக்கு லண்டனில் இப்படி ஒரு ஃப்ளாட்டுக்கு நான் குடிபோன பிறகு, சரியான இடத்தில் சரியான அலாரம் மாட்ட வைக்கவே மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எந்தச் சட்டம் எதைச் சொல்கிறது, யாரிடம் போய்க் கேட்பது என்று ஒவ்வொன்றாகத் தேடித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே ஃப்ளோர் பிளானைப் பாருங்கள்

ரைட்மூவ், ஜூப்லா, ஓப்பன்ரென்ட் போன்ற தளங்களில் பெரும்பாலான வீடுகளுக்கு ஃப்ளோர் பிளான் இருக்கும். இல்லையென்றால் ஏஜென்டிடம் கேட்டு வாங்குங்கள். அதில் விரலை வைத்துப் படுக்கையறையிலிருந்து வெளிவாசல் வரை ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு அடுப்பு இருக்கும் அறைக்குள் போகிறதா? போகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

பொதுவாக மூன்று வகை வீடுகள் மாட்டும்.

முதலாவது, ஸ்டுடியோ. படுக்கை, அடுப்பு எல்லாம் ஒரே அறை. இதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வாசல் கதவுக்கும் படுக்கைக்கும் நடுவில் அடுப்பு இருக்கிறதா? பழைய வீடுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்த ஸ்டுடியோக்களில் தண்ணீர்க் குழாய் எங்கே வருகிறதோ அங்கே அடுப்பை வைத்துவிடுவார்கள். அது பல நேரம் வாசலை ஒட்டியே அமைந்துவிடும். இரவில் அடுப்புப் பக்கம் தீ என்றால் வாசலுக்குப் போக அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இரண்டாவது, ஹாலும் சமையலறையும் ஒன்றாக இருந்து, படுக்கையறைக் கதவு நேராக அதற்குள் திறக்கும் ஃப்ளாட். இப்படி இன்னொரு அறை வழியாக மட்டுமே வெளியேற முடிகிற அறையை இங்கே 'இன்னர் ரூம்' என்பார்கள். இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான தீப் பாதுகாப்பு வழிகாட்டியான 'அப்ரூவ்டு டாக்குமென்ட் பி' இன்னர் ரூமைக் கவனமாகவே அனுமதிக்கிறது. படுக்கையறை என்றால், அந்தத் தளம் தரையிலிருந்து 4.5 மீட்டருக்கு மேல் இல்லாமலும், வெளியேறத் தகுந்த ஜன்னலோடும் இருக்க வேண்டும். அதற்கு மேலே உள்ள ஃப்ளாட் என்றால் ஸ்பிரிங்க்ளர், கூடுதல் அலாரம் போன்ற மாற்று ஏற்பாடுகள் வேண்டும்.

மூன்றாவதை நிறையப் பேர் கவனிக்கவே மாட்டார்கள். லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கமெல்லாம் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் பழைய டெரஸ் வீடுகளில் வாசலில் நுழைந்ததும் ஒரு குறுகிய நடை, அதிலிருந்து மாடிப்படி என்றுதான் ஆதியில் கட்டியிருப்பார்கள். பிறகு வந்த உரிமையாளர் நடைக்கும் முன்னறைக்கும் இடையே இருந்த சுவரை இடித்து, பின்னால் உள்ள சமையலறையையும் சேர்த்து, கீழ்த்தளம் முழுவதையும் ஒரே கூடமாக்கிவிடுவார். இப்போது மாடிப்படி நேராகச் சமையல் நடக்கும் கூடத்துக்குள் இறங்கும். மேலே தூங்குகிறவர்களுக்கு வேறு வழி கிடையாது. கீழும் மேலுமாக இரண்டே தளம் உள்ள வீட்டில் மேல்தளப் படுக்கையறை ஜன்னல்கள் கைகொடுக்கலாம். அதற்கும் மேலே பரணை அறையாக மாற்றி, 'லாஃப்ட் ரூம்' என்று அதையும் வாடகைக்கு விடுகிறார்கள் என்றால் நிலைமை மோசம். அவ்வளவு உயரத்திலிருந்து ஜன்னல் வழியாக இறங்க முடியாது, மாடிப்படியும் பாதுகாப்பில்லாமல் போய்விட்டது. என் கருத்தைக் கேட்டால், அப்படிப்பட்ட லாஃப்ட் ரூமை, கட்டட விதிப்படி முடித்ததற்கான சான்றிதழைப் பார்க்காமல் எடுக்கவே எடுக்காதீர்கள். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

2. நேரில் போனால் படுக்கையிலிருந்து வாசல் வரை நடந்து பாருங்கள்

ஏஜென்ட் பத்து நிமிடத்தில் சுற்றிக்காட்டிவிட்டு அடுத்த ஆளுக்குக் கதவைத் திறக்கப் போவார். அந்தப் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவை இவை.

வாசல் கதவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிகிறதா? திருகித் திறக்கும் குமிழ் இருந்தால் நல்லது. உள்ளிருந்து திறக்கவும் சாவி வேண்டும் என்கிற பூட்டாக இருந்தால், புகையில் சாவியைத் தேடிக்கொண்டு நிற்க நேரிடும். மாற்றித் தரச் சொல்லுங்கள். இது பூட்டுக்காரர் ஒருவர் வந்தால் முடிகிற சின்ன வேலை.

ஃப்ளாட் என்றால் வாசல் கதவு தானாக மூடிக்கொள்கிறதா என்று பாருங்கள். முழுக்கத் திறந்து விட்டுவிடுங்கள். தாழ்ப்பாள் விழும்வரை தானாகவே மூட வேண்டும். இந்தக் கதவுகள் குறைந்தது 30 நிமிடம் தீயைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். கதவின் ஓரத்திலோ நிலையிலோ ஒரு பட்டை ஓடும். சூடுபட்டால் அது உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதன்மேல் பெயின்ட் அடித்திருந்தாலோ பிய்ந்திருந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவரில் நான்காவது மாடிச் சமையலறை ஒன்றில் தொடங்கிய தீயில் 72 பேர் இறந்த பிறகு, இந்தக் கதவுகள் பற்றிய விதிகள் இறுகின. 2023 ஜனவரி 23 முதல், 11 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள குடியிருப்புக் கட்டடங்களில் ஃப்ளாட் வாசல் கதவுகளை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க முயற்சி எடுக்க வேண்டிய பொறுப்பு கட்டட நிர்வாகத்துக்கு உண்டு. கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று தாராளமாகக் கேட்கலாம்.

படுக்கையறைக் கதவையும் மூடிப் பாருங்கள். ஓப்பன் பிளான் வீட்டில் தீக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள ஒரே தடுப்பு அதுதான். தட்டினால் டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும் மெல்லிய கதவா, கனமான கதவா? கார்ப்பெட்டுக்காக அடிப்பக்கத்தை அதிகமாகச் சீவி இடைவெளி விட்டிருக்கிறார்களா? நிலையில் சரியாகப் பொருந்துகிறதா?

அடுத்து ஜன்னல். வெளியேறத் தகுந்த ஜன்னலுக்கு அளவு உண்டு: திறந்த பிறகு கிடைக்கும் இடைவெளி குறைந்தது 0.33 சதுர மீட்டர். உயரம், அகலம் எதுவும் 45 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இடைவெளியின் அடிப்பாகம் தரையிலிருந்து 1.1 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 45 சென்டிமீட்டர் அகலம் என்றால் உயரம் 74 சென்டிமீட்டராவது வேண்டும். 45-க்கு 45 இருந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், போதாது. ஒரு டேப் கையில் கொண்டு போங்கள். ஜன்னலைக் கட்டாயம் திறந்து பாருங்கள். பாதி திறந்ததும் ஒரு கொக்கி பிடித்து நிறுத்தும், அல்லது சாவி எங்கே என்று ஏஜென்டுக்கே தெரியாது. கீழே என்ன இருக்கிறது என்றும் எட்டிப் பாருங்கள். கண்ணாடிக் கூரை போட்ட கன்சர்வேட்டரி மேல் இறங்க முடியாது.

கடைசியாகச் சமையல் பக்கம். அடுப்புக்கு மேலே உள்ள ஹுட் புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி அதே அறைக்குள் விடுகிறதா? வாடகை வீடுகளில் இரண்டாவது வகை ஏராளம். கடுகு தாளித்து, அப்பளம் பொரித்து, மீன் வறுக்கிற நமக்கு அது போதவே போதாது. புகை சேர்ந்து அலாரம் அலறும். அலறல் பொறுக்காமல் அலாரத்தைக் கழற்றுவார்கள். ஹுட்டின் அடியில் உள்ள வலையைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று எண்ணெய் படிந்திருந்தால் அதுவே தீனி. கழுவித் தரவோ மாற்றித் தரவோ சொல்லுங்கள். அடுப்புக்கு அருகில் திரைச்சீலை, சோபா, துணி உலர்த்தும் ஸ்டாண்ட் வைக்க வேண்டிய கட்டாயம் வருமா என்றும் மனதுக்குள் உங்கள் சாமான்களை அடுக்கிப் பாருங்கள்.

3. சட்டம் கேட்கும் அலாரம் வேறு, ஓப்பன் பிளானுக்கு வேண்டிய அலாரம் வேறு

வீட்டுக்காரர்கள் "சட்டப்படி எல்லாம் இருக்கிறது" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். 2022 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி இங்கிலாந்தில் தனியார் வாடகை வீட்டில் ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது ஒரு ஸ்மோக் அலாரம் போதும். பாய்லர் போல எரிபொருள் எரியும் நிலையான சாதனம் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். காஸ் அடுப்புக்கு மட்டும் விலக்கு. பாய்லர் சமையல் அலமாரிக்குள் இருந்தால் அந்தக் கூடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே தளத்தில் இருக்கும் ஓப்பன் பிளான் ஃப்ளாட்டுக்கு இந்தக் கணக்கில் ஒரே ஒரு ஸ்மோக் அலாரம்தான் கிடைக்கும். அதை எங்கே மாட்டுவது? சமையல் பக்கம் மாட்டினால் தோசைக்கல் காய்ந்தாலே கத்தும். தள்ளி மாட்டினால், கதவை மூடிக்கொண்டு தூங்குகிறவருக்குச் சத்தம் கேட்காமல் போகலாம். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது மூன்று: சமையல் பக்கக் கூரையில் புகைக்குக் கத்தாமல் சூட்டுக்கு மட்டும் கத்தும் ஹீட் அலாரம், ஹால் பக்கத்தில் ஒளியால் புகையை உணரும் ஆப்டிகல் வகை ஸ்மோக் அலாரம், படுக்கையறைக்குள் இன்னொன்று. மூன்றும் ஒன்றோடொன்று இணைந்து, ஒன்று கத்தினால் எல்லாம் கத்த வேண்டும். கம்பி இழுக்காமல் ரேடியோ மூலம் இணையும் அலாரங்கள் கடைகளில் கிடைக்கின்றன. மூன்று சேர்ந்த தொகுப்பு ஏறக்குறைய 60 முதல் 100 பவுண்டுக்குள் வந்துவிடும். இதைச் சொல்லியே கேளுங்கள். மாத வாடகையோடு ஒப்பிட்டால் வீட்டுக்காரருக்கு இது பெரிய தொகையே இல்லை.

அலாரத்தின் பின்பக்கத்தில் மாற்ற வேண்டிய ஆண்டு அச்சிட்டிருக்கும். பத்து ஆண்டு தாண்டியது என்றால் பட்டனை அழுத்தும்போது கத்தினாலும் நம்பாதீர்கள். பட்டன் சத்தத்தைத்தான் சோதிக்கிறது, புகையை உணரும் பகுதி தேய்ந்திருக்கலாம்.

கூரையில் சின்ன வெள்ளை வட்டத் தட்டுகள் தெரிந்தால் அவை ஸ்பிரிங்க்ளராக இருக்கலாம். இங்கிலாந்தில் 2020 நவம்பர் கடைசியிலிருந்து வந்த விதிப்படி 11 மீட்டருக்கு மேல் எழும்பும் புதிய அடுக்குமாடிகளில் ஸ்பிரிங்க்ளர் வைக்கிறார்கள். அவற்றின்மேல் பெயின்ட் அடிக்கவோ எதையும் தொங்கவிடவோ கூடாது. கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்பதையும் கேட்டுவையுங்கள்.

4. கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

மின்சார அறிக்கை. இ.ஐ.சி.ஆர். என்பார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதனை கட்டாயம், நீங்கள் குடியேறும் முன் நகல் தர வேண்டியதும் கட்டாயம். வாங்கி ஃபோல்டரில் போட்டுவிடாமல் படியுங்கள். முதல் பக்கத்தில் 'சாட்டிஸ்ஃபாக்டரி' (திருப்திகரம்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே குறைகளுக்குக் குறியீடு போட்டிருப்பார்கள். சி1 என்றால் இப்போதே ஆபத்து. சி2 என்றால் ஆபத்தாக மாறக்கூடியது. எஃப்.ஐ. என்றால் மேலும் ஆராய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் 28 நாளுக்குள், அறிக்கை அதைவிடக் குறைந்த நாள் சொன்னால் அதற்குள், சரிசெய்ய வேண்டும். சரிசெய்ததற்கு எழுத்துமூலம் உறுதியும் வேண்டும். சி3 வெறும் பரிந்துரை, அதற்காக வீட்டை விட வேண்டாம்.

என் வீட்டுக்காரர் நம்மவர்தான், யாழ்ப்பாணத்துக்காரர். "பத்து வருசமா ஆக்கள் இருந்த வீடு தம்பி, ஒரு பிரச்சினையும் வரேல்லை" என்றார். "சரிண்ணே, கரண்ட் ரிப்போர்ட்டை மட்டும் இன்னைக்கு அனுப்பி வைங்க" என்றேன். ஏஜென்டுக்கும் நினைவூட்டி நினைவூட்டி ஒருவழியாக வந்த அறிக்கையில் அடுப்புக்கான இணைப்பிலேயே ஒரு சி2 இருந்தது. பழக்கமான ஆள், நம் மொழி பேசுகிறவர் என்பதற்காகக் காகிதத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

காஸ் சான்றிதழ். காஸ் இணைப்பு இருந்தால் காஸ் சேஃப் என்ற அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் உள்ள பொறியாளர் 12 மாதத்துக்கு ஒருமுறை சோதித்துத் தருவது. குடியேறும் முன் நகல் வர வேண்டும்.

கட்டட வேலை முடிப்புச் சான்றிதழ். சுவர் இடித்தது, லாஃப்ட் மாற்றியது, ஒரு வீட்டை ஃப்ளாட்களாகப் பிரித்தது எல்லாவற்றுக்கும், வேலை கட்டட விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் பில்டிங் கன்ட்ரோல் தரும் சான்றிதழ் இது. உங்களுக்குத் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. அதனாலேயே யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். தயங்கினால் அந்த முகவரிக்கு என்னென்ன அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்று கவுன்சில் (அந்தப் பகுதியின் உள்ளாட்சி) இணையதளத்தின் பிளானிங் பகுதியில் இலவசமாகத் தேடலாம். ஒரே வீடாகப் பதிவாகியிருக்கும் கட்டடத்தில் நான்கு ஃப்ளாட் இருந்தால் விலகிவிடுவது நல்லது.

ஹெச்.எம்.ஓ. உரிமம். எல்லோரும் ஒரே குடும்பமாக இல்லாத மூன்று பேரோ அதற்கு மேலோ சமையலறை, கழிவறையைப் பகிர்ந்து வாழ்ந்தால் அந்த வீடு ஹெச்.எம்.ஓ. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் எந்தக் கவுன்சிலிலும் உரிமம் கட்டாயம். மூன்று, நான்கு பேர் என்றால் கவுன்சிலைப் பொறுத்து மாறும். ஒவ்வொரு கவுன்சிலும் உரிமப் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்க வேண்டும், தேடிப் பாருங்கள். மாணவர்களாக நான்கைந்து பேர் சேர்ந்து வீடு எடுக்கும்போது இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. உரிமம் இல்லாத வீட்டில் அலாரமும் தீக்கதவும் ஒழுங்காக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உரிமம் இல்லாமல் வாடகை வாங்கியிருந்தால் அதைத் திரும்பக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகவும் உங்களுக்கு வழி உண்டு.

சாமான்களோடு விடும் வீடு என்றால் சோபாவில் தீத்தாங்கும் தரத்துக்கான தைத்த லேபிள் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். 1988-இன் விதி இது. ஓப்பன் பிளானில் சோபா அடுப்பிலிருந்து நான்கு எட்டுத் தூரத்தில் இருக்கும் என்பதால் லேபிள் இல்லாத பழைய சோபாவை எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

5. பணம் கொடுக்கும் வரிசை முக்கியம்

எல்லாக் கேள்வியையும், வீட்டை உங்களுக்காகப் பிடித்து வைக்கக் கொடுக்கும் முன்பணமான ஹோல்டிங் டெபாசிட் கட்டும் முன் கேளுங்கள். அது ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. கட்டிய பிறகு நீங்களாக வேண்டாம் என்றால் அந்தப் பணம் போகலாம். அதனால் மின்னஞ்சலில் முன்கூட்டியே எழுதுங்கள்: இன்னின்ன அலாரம், இன்ன பூட்டு, இந்த நகல்கள் குடியேறும் நாளுக்குள் தயாராக இருக்கும் என்ற உறுதியின் பேரில் டெபாசிட் கட்டுகிறேன் என்று. அவர்கள் 'சரி' என்று பதில் போட்ட பிறகு பணம் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பேசினாலும் முடிவை மின்னஞ்சலில் ஒருமுறை எழுதிவிடுங்கள். ஏஜென்ட் மாறிவிட்டால் உங்களுக்கு அது ஒன்றுதான் சாட்சி.

முதன்மை டெபாசிட், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே என்றால், ஐந்து வார வாடகைதான் உச்சம். அதை 30 நாளுக்குள் அங்கீகரித்த டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். மின்சாரச் சோதனைக்கு, காஸ் சோதனைக்கு, அலாரத்துக்கு என்று உங்களிடம் தனிக் கட்டணம் கேட்டால், 2019-இன் வாடகைதாரர் கட்டணச் சட்டப்படி அது கூடாது.

வீட்டுக்காரரின் காப்பீடு கட்டடத்துக்கு மட்டும். உங்கள் மடிக்கணினி, துணிமணி, பாஸ்போர்ட் எரிந்தால் அதில் எதுவும் வராது. கன்டென்ட்ஸ் இன்ஷூரன்ஸ் தனியாக எடுங்கள்.

6. சாவி வாங்கும் நாள்

குடித்தனம் தொடங்கும் நாளிலேயே அலாரம் வேலை செய்கிறதா என்று சோதிப்பது வீட்டுக்காரரின் கடமை. நடப்பில் என்ன ஆகும் என்றால், வீட்டின் சாமான்களையும் நிலையையும் பதியும் இன்வென்டரி அறிக்கையில் 'சோதித்தாயிற்று' என்று முன்கூட்டியே டிக் போட்டு உங்கள் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். நாற்காலியில் ஏறி, உங்கள் கையாலேயே ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி, சத்தத்தோடு கைபேசியில் வீடியோ எடுத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பின்பக்க ஆண்டையும் படம் எடுங்கள். படுக்கையறைக் கதவை மூடிக்கொண்டு ஒருவர் உள்ளே படுத்திருக்க, இன்னொருவர் வெளியே அலாரத்தை அழுத்திப் பாருங்கள். கேட்பது மட்டும் போதாது, தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்குக் கேட்க வேண்டும்.

ஜன்னல் சாவி எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே, காஸ் வால்வு எங்கே? மூன்றையும் அன்றே பார்த்துவிடுங்கள். அடுக்குமாடி என்றால் தீ வந்தால் என்ன செய்வது என்ற அறிவிப்பைக் கட்டட நிர்வாகம் உங்களுக்குத் தர வேண்டும். 'ஸ்டே புட்' (உள்ளேயே இருங்கள்) என்று போட்டிருந்தால் அது வேறு ஃப்ளாட்டில் தீ என்கிற நிலைமைக்கு மட்டுமே. உங்கள் ஃப்ளாட்டில் தீ அல்லது உங்களிடம் புகை வருகிறது என்றால் எல்லோரும் வெளியே வந்து, கதவை இழுத்து மூடிவிட்டு, அவசர எண்ணான 999-ஐ அழையுங்கள்.

7. குடியேறிய முதல் வாரம்

நீங்கள் இருக்கும் பகுதித் தீயணைப்புத் துறையிடம் வீட்டுத் தீப் பாதுகாப்புச் சந்திப்பு கேளுங்கள். லண்டன் ஃபயர் பிரிகேட் இதை இலவசமாகச் செய்கிறது. இணையத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால், தேவைப்படும் வீடுகளுக்கு ஆட்களை அனுப்புவார்கள். ஸ்மோக் அலாரம் இலவசமாக மாட்டியும் தருவார்கள். விசா நிலையைக் கேட்பார்களோ என்று பயந்து நிறையப் பேர் கூப்பிடுவதே இல்லை. அவர்கள் வருவது அலாரத்தையும் தப்பும் வழியையும் பார்க்க.

அடுப்புப் பக்கத்தில், ஆனால் அடுப்புக்கு நேர் மேலே இல்லாமல், சின்னத் தீயை மூடி அணைக்கும் போர்வையான ஃபயர் பிளாங்கெட் ஒன்று மாட்டுங்கள். 10 முதல் 15 பவுண்டு. எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முடிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போங்கள். வடை, முறுக்குக்கு எண்ணெயைச் சட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். எண்ணெய் காயும்போது அந்த இடத்தை விட்டு நகரவும் வேண்டாம்.

சமைக்கும்போது அலாரம் கத்துகிறதே என்று பிளாஸ்டிக் பை, ஷவர் கேப் கட்டி மூடுவது நம் வீடுகளில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பையைக் கழற்ற மறக்கும் இரவுதான் பயம். கத்துகிறது என்றால் தவறான இடத்தில் தவறான வகை மாட்டியிருக்கிறது. ஹீட் அலாரமாக மாற்றச் சொல்லி அன்றே எழுதுங்கள்.

டெலிவரி வேலைக்குப் போகும் பிள்ளைகள் மின்சைக்கிள் பேட்டரியை வாசலோரம் இரவு முழுக்கச் சார்ஜில் போடுகிறார்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் வேகமாகப் பரவும்; அது நிற்பதும் நீங்கள் வெளியேற வேண்டிய ஒரே வழியில். விழித்திருக்கும்போது, வாசலிலிருந்து தள்ளி, அந்தப் பேட்டரிக்கென்று வந்த சார்ஜரில் மட்டும் போடுங்கள். சாமி விளக்கும் கற்பூரமும் திரைச்சீலைக்கும் அலமாரித் தட்டுக்கும் அடியில் வேண்டாம். திறந்த இடத்தில், உலோகத் தட்டின் மேல், அணைத்துவிட்டுத் தூங்குங்கள். இரவில் படுக்கையறைக் கதவை மூடி வையுங்கள்.

8. வீட்டுக்காரர் அசையவில்லை என்றால்

முதலில் எழுத்தில் புகார். என்ன குறை, எந்தத் தேதியில் கவனித்தீர்கள், என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று நான்கு வரி, படங்களோடு. அலாரம் பழுது என்று நீங்கள் தெரிவித்த பிறகு கூடிய விரைவில் சரிசெய்வது அவர் சட்டக் கடமை.

பதில் இல்லை என்றால் யாரிடம் போவது என்பதில் நான் நிறைய அலைந்தேன். ஃப்ளாட்டுக்குள் இருக்கும் குறைகளுக்குக் கவுன்சிலின் தனியார் வாடகை வீட்டுப் பிரிவு அல்லது என்விரான்மென்டல் ஹெல்த் என்ற சுகாதாரப் பிரிவு. படிக்கட்டு, நடை, பொது வழி, ஃப்ளாட் வாசல் கதவு என்றால் தீயணைப்புத் துறையும் நடவடிக்கை எடுக்கலாம். படுக்கையறைக்குள் அலாரம் இல்லை என்று தீயணைப்புத் துறையிடம் சொன்னால் ஆலோசனை சொல்வார்கள், வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். அதற்குக் கவுன்சில்தான்.

கவுன்சில் ஆய்வாளர் வந்தால் வீட்டின் அபாயங்களை ஒரு மதிப்பீட்டு முறைப்படி பார்ப்பார். அந்தப் பட்டியலில் தீயும் ஒன்று. மிகக் கடுமையான வகை என்று முடிவானால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும், விருப்பம்போல் விட முடியாது. இன்னர் ரூம் பிரச்சினையைச் சொல்லும்போது வரைபடத்தையும், ஜன்னலின் அளவையும், தரையிலிருந்து உயரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். வெறுமனே 'பயமாக இருக்கிறது' என்ற புகார் வரிசையில் காத்துக் கிடக்கும். அளவுகளோடு நான் அனுப்பிய மின்னஞ்சலுக்குத்தான் ஆள் வந்தார். அலாரம் விதிகளை மீறினால் கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கும், 28 நாளில் சரிசெய்ய வேண்டும், தவறினால் 5,000 பவுண்டு வரை அபராதம் போகலாம்.

புகார் செய்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் செக்‌ஷன் 21 நோட்டீஸ் 2026 மே 1 முதல் இங்கிலாந்தின் தனியார் வாடகையில் கிடையாது. அதற்காக வாடகையை நிறுத்தி வைக்காதீர்கள். வாடகை பாக்கி இருந்தால் அவருக்குச் சட்டப்படி ஒரு காரணம் கிடைத்துவிடும். குழப்பமாக இருந்தால் ஷெல்ட்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இரண்டு தொண்டு அமைப்புகளும் இலவச ஆலோசனை தருகின்றன.

9. ஸ்காட்லாந்துக்கோ வேல்ஸுக்கோ போகிறவர்களுக்கு

மேலே சொன்ன சட்டங்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி 1 முதல் ஹாலில் ஒரு ஸ்மோக் அலாரம், ஒவ்வொரு தளத்தின் நடையிலும் ஒன்று, சமையலறையில் ஹீட் அலாரம், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து என்பது எல்லா வீட்டுக்கும் விதி. வேல்ஸில் 2022 டிசம்பர் 1 முதல் வந்த வாடகைச் சட்டத்தின்படி ஒவ்வொரு தளத்திலும் மின்கம்பியில் இணைத்த ஸ்மோக் அலாரம் வேண்டும், ஒன்றுக்கு மேல் இருந்தால் அவை ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். கிளாஸ்கோவிலோ கார்டிஃபிலோ வீட்டுக்காரர் ஒற்றை பேட்டரி அலாரத்தைக் காட்டி 'இது போதும்' என்றால், இந்த விதியைச் சொல்லி அங்கேயே கேளுங்கள்.